யாரும் எடுத்துக்கொள்ளலாம்

பிரேமலாவுக்குத் தமிழ் எழுத்தின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று இருந்தது. அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்பதுதான் அது.

நம் ஆட்கள் ஜொகூர் பாரு பேரங்காடியில் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, பக்கத்தில் நிற்கிறவரின் தலைமுடியைப் பற்றித் தமிழில் தாராளமாகப் பேசுவார்கள். அவருக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியம். கதவு திறந்ததும் அந்த மனிதர் திரும்பி, "கொஞ்சம் வழி விடுங்க" என்று நல்ல தமிழில் சொல்லும்வரை அந்தத் தைரியம் குறையாது. பிரேமலா கதை எழுத உட்கார்ந்ததும் இதே தைரியத்தில்தான். ஊரில் நடந்ததை நடந்தபடி எழுதுவாள். பேரை மட்டும் மாற்றுவாள். மற்றதெல்லாம், செருப்பின் நிறம் வரைக்கும், அப்படியே இருக்கும்.

உலு திராமில், பாசிர் கூடாங் போகிற பேக்டரி பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே அவள் கடை. அவள் கடை என்றால் பாதிக் கடை. ஒரே தகரக் கூரையின் கீழ் இடது பக்கம் பிரேமலாவின் தோசைக்கல், வலது பக்கம் காதர் பீவியின் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பானை. விடியும்போது சீருடை போட்ட கூட்டம் ஒன்று வந்து மொய்க்கும். இந்தக் கையில் தோசை, அந்தக் கையில் நாசி லெமாக் என்று இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும். அதில் ஒரு பஸ்ஸை ஓட்டுகிறவர் பிரேமலாவின் கணவர் கமலநாதன். வீட்டில் கிடைக்காத மரியாதை அவருக்கு அந்த ஸ்டியரிங்கின் பின்னால் கிடைத்தது.

பஸ்கள் போன பிறகு கடை காலியாகிவிடும். அந்த நேரத்தில்தான் பிரேமலா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் கதை எழுதுவாள். கோலாலம்பூரில் சிலர் சேர்ந்து நடத்துகிற ஓர் இணையதளம், நாட்டுத் தமிழர்கள் எழுதுகிற கதைகளைப் போடும். அதில் ஏற்றும்போது அது ஒரு கேள்வி கேட்கும். முதல் தடவை கேட்டபோது கமலநாதன் பக்கத்தில்தான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்? இவ்ளோ நேரம் முறைச்சுப் பாக்குற?"

"கதைய யாரு என்ன பண்ணலாம்னு கேக்குதுங்க. படிக்கிறதோட சரியா, இல்ல எடுத்துக்கிட்டுப் போயி வேற எடத்துல போடலாமா, வேற பாஷையில எழுதலாமா, மாத்தலாமான்னு."

"நீ என்ன சொல்லப்போற?"

"கடைக்கு வர்றவன்கிட்ட, இங்கயே ஒக்காந்து சாப்புடு, கட்டிக்கிட்டுப் போவாதன்னு சொல்லுவோமா? எடுத்துக்கிட்டுப் போவட்டும். வீட்டுல போயி முட்டைய ஒடச்சு மேல ஊத்திக்கிட்டுக்கூடச் சாப்புடட்டும். எங்க வாங்குனதுன்னு கேட்டா நம்ம பேரச் சொன்னாப் போதும்."

"ஆமா, க்யூ கட்டி நிக்குறாங்க லா, உன் கதைய வாங்கிட்டுப் போவ."

"நிப்பாங்க, பாருங்க" என்று சொல்லி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், எழுதியவர் பேரைப் போட்டால் போதும் என்ற வரியை அவள் தொட்டாள். அதற்கப்புறம் எல்லாக் கதைக்கும் அதேதான். வாய் நிப்பாங்க என்றதே தவிர, ஒருத்தர்கூட நிற்க மாட்டார்கள் என்று மனசுக்குத் தெரியும். அந்தத் தெம்பில்தான் போன வருஷம் காதர் பீவியைப் பற்றியும் எழுதினாள்.

காதர் பீவியின் வீட்டுக்காரர் சுப்ஹான், நோய்த்தொற்று காலத்தில், சிங்கப்பூர்ப் பாலம் மூடிக் கிடந்தபோது காலமானார். ஒரே மகள் நுஸ்ரத் பாலத்துக்கு அந்தப் பக்கம் நர்ஸ். வர முடியவில்லை. வாப்பாவின் முகத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் பீவிக்கும் நிதானம் போய்விட்டது. "வாப்பாவுக்கே வராதவ இனிமே யாருக்கு வரணும்? வராத" என்று சொல்லிவிட்டாள். துக்கத்தில் சொன்ன சொல். ஆனால் நுஸ்ரத் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். பாலம் திறந்தது, சனம் பழையபடி இரவும் பகலும் போய்வந்தது, நுஸ்ரத் மட்டும் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை 'நல்லா இருக்கேன் உம்மா' என்று மலாயில் ஒரு செய்தி வரும். 'நல்லா இரு' என்று பீவி பதில் போடுவாள். இரண்டு பேருக்கும் சுப்ஹானின் பிடிவாதம்.

பிரேமலாவின் கதையில் பீவிக்குப் பேர் ஆயிஷா. பெருநாள் முடிந்து கடை திறக்கும்போதெல்லாம், மகள் வந்தாளா என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். ஆயிஷா சிரித்துக்கொண்டே, ராத்திரி வந்தாள், விடியக்காலை டியூட்டி, போய்விட்டாள் என்பாள். அடுத்த வருஷம் மகள் வாங்கி வந்ததாக ஒரு கைப்பையைக் காட்டுவாள். அது அவளே பேரங்காடியில் வாங்கியது. பக்கத்து அடுப்பில் நிற்கிற இந்துப் பெண் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் கதை. எழுதி முடித்த அன்று பிரேமலாவே அழுதாள். அழுத கையோடு வலது பக்கம் திரும்பி, "பீவிக்கா, வெங்காயம் இருந்தா ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கி நறுக்கினாள். காதர் பீவி பேசுவது தமிழ், படித்தது மலாய்ப் பள்ளி. தமிழ் எழுத்தில் அவளுக்கு ஆனாவும் தெரியாது. அதனால் பிரேமலாவுக்குப் பயமே இல்லை.

இந்த வருஷம் நோன்பு பாதியைத் தாண்டியிருந்தபோது ஒரு நாள் காலை கைப்பேசியில் செய்தி வந்தது. அனுப்பியவள் ஷர்மினி, உலு திராமிலேயே ஓர் இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழி சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை.

'வணக்கம் அக்கா. உங்கள் ஆயிஷா கதையை மலாயில் மொழிபெயர்த்து இணையத்தில் போட்டிருக்கிறேன். அனுமதி கொடுத்தே போட்டிருந்தீர்கள், அதனால் கேட்கவில்லை. உங்கள் பேர் மேலேயே இருக்கிறது. வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். நன்றி.'

பிரேமலா முதலில் பூரித்துப்போனாள். அதை மறைப்பானேன்? தன் கதை இன்னொரு மொழிக்குப் போயிருக்கிறது, பிள்ளைகள் அசையாமல் கேட்டிருக்கிறார்கள். கல்லில் கிடந்த தோசை ஒரு பக்கம் கருகிய பிறகுதான் மலாய் என்ற சொல் மண்டையில் ஏறியது. வலது பக்கத்து அடுப்பு அணைந்து கிடந்தது. நோன்பு மாதத்தில் பீவிக்குக் காலைக் கடை கிடையாது. பிரேமலா அந்த வெற்றுப் பானையைப் பார்க்காமல் கருகிய தோசையைச் சுரண்டினாள்.

பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த கமலநாதனிடம் கைப்பேசியை நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"நல்லாதானே எழுதியிருக்கு அந்தப் பொண்ணு."

"மலாயில போட்டிருக்குங்க! பீவிக்கா படிக்கும். பீவிக்காவோட தம்பி படிப்பாரு. நாசி லெமாக் வாங்க வர்ற அத்தன பேரும் படிப்பான். ராத்திரி வந்துட்டுப் போச்சுன்னு அது சொன்னதெல்லாம் பொய்யின்னு ஊருக்கே தெரிஞ்சுபோயிடும்."

"அப்ப எழுதும்போது அது தோணலயா?"

"தமிழ்லதானே எழுதினேன்!"

கமலநாதன் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "போயி அந்த டீச்சரப் பாரு. நல்ல விதமா சொல்லு. கேக்கும்."

அன்று பிற்பகலே பிரேமலா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷர்மினி இருக்கும் தாமான் குடியிருப்புக்குப் போனாள். ஷர்மினி வாசல் மேசையில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்தான். எழுத்தாளர் வீடு தேடி வந்துவிட்டாரே என்று பதறி எழுந்து மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"டீச்சர், அந்தக் கதைய நிறுத்தணும்."

"ஏங்க்கா? மொழிபெயர்ப்பு சரியில்லையா?"

"நான் இன்னும் பாக்கவே இல்லம்மா. நல்லா இருந்தா அதுதான் இன்னும் மோசம்."

ஷர்மினிக்கு விளங்கவில்லை. பிரேமலா ஆயிஷா யாரென்று சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் கை பேனாவை மூடியது.

"அக்கா, நீங்க யாரும் மொழிபெயர்க்கலாம்னு போட்டிருந்தீங்களே."

"போட்டேன். யாரும் செய்யமாட்டாங்கன்னு நெனச்சுப் போட்டேன். இப்ப அந்த அனுமதிய எடுத்துட்டா?"

"இனிமே வர்றவங்களுக்கு வேணும்னா குடுக்காம இருக்கலாம். ஏற்கெனவே எடுத்துக்கிட்டவங்ககிட்ட திருப்பிக் கேக்க முடியாதுக்கா. அப்படி ஒத்துக்கிட்டுதான் போட்டிருக்கீங்க. ஆனா சட்டம் கெடக்கட்டும். நீங்க வந்து கேட்டப்புறம் நான் வெச்சுக்கிட்டா அது நல்லா இருக்காது. இப்பவே எடுத்துடுறேன். ஆனா..."

"என்ன ஆனா?"

"பிள்ளைங்களுக்கு நேத்தே அச்சடிச்சுக் குடுத்துட்டேன். வீட்டுல பெரியவங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டு, அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதிக்கிட்டு வாங்கன்னும் சொல்லிட்டேன்."

"அலமாக்! உங்க வகுப்புல மாஹிர்னு ஒருத்தரோட மக இருக்கா?"

"இருக்கே. ரொம்ப நல்லா வாசிக்கும்."

மாஹிர் பீவியின் தம்பி. பீவி இருப்பது அவர் வீட்டில்தான். பிரேமலா மைலோவைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்க பேரு வேணாம்னா அத எடுத்துடலாம்க்கா" என்றாள் ஷர்மினி மெதுவாக. "எழுதுனவங்க கேட்டா பேர எடுத்துடணும்னும் அதுலயே இருக்கு. யாரு எழுதுனதுன்னு தெரியாமப் போயிடும்."

ஒரு கணம் பிரேமலாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மனுஷிதானே.

"வேணாம்மா" என்றாள் பிறகு. "சோத்துல கல்லு கெடந்தா, சமைச்சவ எழுந்து நிக்கணும். ஓடக்கூடாது. பேரு இருக்கட்டும். இப்ப அத எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

ஷர்மினி மலாயில் வாசித்தாள். பிரேமலா அவ்வளவு கவனமாக எதையுமே கேட்டதில்லை. அந்தப் பெண் ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. சம்பல் கிண்டுகிற சத்தம் இருந்தது. பெருநாள் காலையில் வாசலைப் பார்க்காத மாதிரி பார்க்கிற ஆயிஷா இருந்தாள். தமிழில் எழுதியபோது இதெல்லாம் பீவியைப் பற்றி யாரிடமோ சொல்வது போல் இருந்தது. மலாயில் கேட்டால் ஒவ்வொரு வரியும் பீவியின் முகத்துக்கு நேராகச் சொல்வது போல் இருந்தது. கைப்பை வந்த இடத்தில் பிரேமலா "போதும்மா" என்றாள்.

நேராக மாஹிர் வீட்டுக்கே போயிருக்கலாம். போகவில்லை. நாளைக்குக் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து, கணவர் கேட்டதற்கெல்லாம் உம் கொட்டிவிட்டுப் படுத்தாள்.

நோன்பு மாதத்தில் அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானத்துக்கு மேல் பீவியின் நேரம். ஒரு பெரிய அண்டாவில் பிரியாணி, இன்னொன்றில் நோன்புக் கஞ்சி. நாலரை மணியிலிருந்து கார்கள் வரிசையில் நிற்கும். ஆனால் நோன்பு பிடித்திருக்கிற பீவி அந்தக் கஞ்சியை நாக்கில் வைக்கமாட்டாள். தேங்காய்ப்பால் ஊற்றி, கறியும் பயறும் குழைந்து வந்ததும், "பிரேமா, உப்பு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். பிரேமலா எங்கிருந்தாலும் வருவாள். அகப்பையிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "ஒரு கை போடுங்க" என்றோ, "சரியா இருக்கு" என்றோ சொல்வாள். மறு பேச்சு கிடையாது. வருஷம் முழுக்க வாய்ச்சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் அந்த ஒரு மாதம் ஒரே நாக்கு.

மறுநாள் பிரேமலா மூன்று மணிக்கே கடைக்கு வந்துவிட்டாள். பீவி ஏற்கெனவே அடுப்பு மூட்டியிருந்தாள். "வந்துட்டீங்களாக்கா" என்றதற்கு "ம்" என்றாள். வானம் திரண்டு நின்றது. புழுக்கம் தாங்கவில்லை. பிரேமலா இஞ்சி தோல் சீவினாள், பொட்டலக் காகிதம் அடுக்கினாள், பாத்திரம் தேய்த்தாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். கஞ்சி குழைந்து வாசம் வந்தது. பீவி கிண்டினாள், மூடினாள், திறந்தாள், கிண்டினாள். உப்பு ஜாடியை எடுத்து, தன் மனசுக்குப் பட்டதைப் போட்டாள்.

கூப்பிடவில்லை.

பிரேமலாவின் கை ஈரத்தோடு அப்படியே நின்றது. பீவிக்கா படித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்ன சண்டை நடந்தாலும் அந்தக் குரல் வராமல் இருந்ததில்லை. கமலநாதனின் அம்மா இறந்த பதினாறாம் நாள்கூட, "நீ இல்லாம நான் என்னத்தப் போட, வாடி" என்று வீட்டுக்கே கிண்ணத்தில் கஞ்சி கொடுத்து அனுப்பி உப்புக் கேட்டவள் அவள். இப்போது இரண்டு முழம் தள்ளி நிற்கிறவளைக் கூப்பிடவில்லை. திட்டியிருந்தால் பிரேமலா பதிலுக்குத் திட்டியிருப்பாள், அதில் அவள் கெட்டிக்காரி. இதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மழை கொட்டத் தொடங்கியது. தகரத்தின் மேல் பெய்த மழையில் பேசினாலும் கேட்காது என்பது இருவருக்குமே வசதியாக இருந்தது. வாடிக்கையாளர்கள் குடையோடு வந்தார்கள். பீவி ஊற்றினாள், பிரேமலா கட்டினாள். கைகள் பழக்கத்தில் சரியாகத்தான் வேலை செய்தன. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல, பீவி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்து, ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"கரிக்குது" என்றாள்.

"கேட்டிருக்கலாமேக்கா."

"நீயும் கேட்டிருக்கலாமே."

பீவி சமையல் துணியில் கையைத் துடைத்து, பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஓரத்தில் கறிக்கறை பட்டிருந்தது.

"மாஹிர் மவ வாசிச்சுக் காட்டுச்சு. பாதியிலயே அது நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு. அப்புறம் நானே வாங்கிப் படிச்சேன்."

"பீவிக்கா..."

"இரு, நான் பேசிக்கிறேன். ஆயிஷா குட்டைன்னு எழுதியிருக்க. நான் உன்னவிட ஒசரம்."

பிரேமலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அடையாளம் தெரியக் கூடாதுன்னு மாத்துனேன்க்கா."

"என் பச்ச செருப்ப மாத்தலயே. என் அடுப்ப மாத்தலயே. ஏன்டி, எனக்குத் தமிழ் எழுத்துதான் தெரியாது. தமிழுமா தெரியாது? ஒக்காந்து வாசிச்சுக் காட்டியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? பக்கத்து அடுப்புல இருக்கிறவ கதைய மூணாவது மனுசி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"பயம்க்கா" என்றாள் பிரேமலா. இந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து பீவி கேட்டதே இல்லை. "நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயம். கதை நல்லா வந்துடுச்சு. அத விட மனசு வரல."

பீவி இன்னொரு வாய் கஞ்சி குடித்தாள்.

"நேத்தே அந்த டீச்சரப் போயிப் பாத்தேன்க்கா. எடுத்துடுறேன்னு சொல்லிடுச்சு. நெட்டுல இருந்ததெல்லாம் எடுத்தாச்சு. பிள்ளைங்ககிட்ட இருக்கிற தாளத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரக் கேட்டு எடுக்கச் சொன்ன?"

"உங்களுக்காகத்தான்..."

"எனக்காக, எனக்காக!" பீவியின் குரல் மழையை மீறி வந்தது. "எனக்காக எழுதுவ, எனக்காக எடுப்ப. நான் ஒருத்தி இங்க நிக்கிறது உனக்குத் தெரியலயா? நுஸ்ரத்துக்குத் தமிழ் படிக்க வராது. மலாய் நல்லா வரும். அங்க அதுகூட வேல செய்யுற புள்ளைங்க பாதிப் பேரு ஜொகூர்க்காரிங்க. ஒருத்தி கைக்குப் போனா ஒம்போது பேரு கைக்குப் போவும். பாலத்துல பாஸ்போர்ட்டுக்குச் சாப்பு குத்துவான், வாட்சப்புக்கு எவன் குத்துறான்? அது கைக்குப் போவட்டும்னு நான் ராத்திரியெல்லாம் துவா கேட்டுக்கிட்டு இருக்கேன், நீ எடுத்துட்டேன்னு சொல்ற."

பிரேமலா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இது அவள் எழுதாத பக்கம்.

"அப்ப போடச் சொல்லவாக்கா? மறுபடியும்?"

"சொல்லு. ஆனா இப்படியே போடாத." பீவி தாளைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "இங்க. மவ வந்துட்டுப் போச்சுன்னு ஆயிஷா சொல்லுறா. நான் எப்படி சொன்னேன்?"

"சொன்னீங்களேக்கா. முதப் பெருநாளுக்கு, அந்தப் பெரிய வேன் டிரைவர் கேட்டப்ப..."

"கேட்டாரு. நான் வாயத் தொறக்கலடி. தொறக்கிறதுக்குள்ள இந்தப் பக்கத்துலருந்து ஒரு கொரலு வந்துச்சு. 'ராத்திரியே வந்துடுச்சு லா, விடியக்காலையில டியூட்டி, போயிடுச்சு'ன்னு. அது யாரு கொரலு?"

மழை விட்டுக்கொண்டிருந்தது. கூரையின் விளிம்பிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. பிரேமலாவுக்கு அந்தக் காலை அப்படியே கண் முன் வந்தது. வேன் டிரைவர் கேட்டதும் பீவியின் கையில் அகப்பை நின்றதும், அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் தன் வாய் முந்திக்கொண்டதும். எழுதும்போது கை தன் பாட்டுக்கு அந்தப் பொய்யை எடுத்து ஆயிஷாவின் வாயில் வைத்துவிட்டது. அது அங்கேதான் அழகாக இருந்தது. நாளாக நாளாக அவளே அதை நம்பியும்விட்டாள்.

"அடுத்த வருசம் நீ அதோட விட்டியா? 'உம்மாவுக்குக் கைப்பை வாங்கிட்டு வந்துச்சு, அழகா இருக்கு'ன்னு கூட்டத்துல சொல்லிட்ட. எங்க எங்க காட்டுங்கன்னு அவளுங்க வந்து நின்னாளுங்க. நான் என்ன செய்வேன்? மறுநாளு போயி ஒண்ண வாங்கிட்டு வந்து தொங்கவிட்டேன். உன் வாயிக்கு நான் சாட்சி தேடுனேன்."

"உங்க மூஞ்சியப் பாக்க முடியலக்கா. அதான் சொல்லிட்டேன்."

"தெரியும்டி. அதனாலதான் நானும் மறுக்கல. நீ என் மேல வெச்ச பிரியம் எனக்குத் தெரியாதா?" பீவியின் குரல் தணிந்தது. "ஆனா நுஸ்ரத்து இதப் படிச்சா என்ன நெனைக்கும்? உம்மா வராதன்னு சொல்லிட்டா, இப்ப நான் வந்ததா ஊர்ல சொல்லிக்கிட்டு சந்தோசமா பையத் தொங்கவிட்டுக்கிட்டு இருக்கா, நான் வராமலே அவளுக்கு எல்லாம் நடக்குதுன்னு நெனைக்காதா? அப்புறம் அது எதுக்கு வரும்?"

பிரேமலா எழுந்து வந்து பீவியின் கையைப் பிடித்தாள். "தப்பு எம்மேலதான்க்கா" என்றாள். அவள் அழுதாள், பீவி அழவில்லை.

"கீழ ஏதோ எழுதியிருக்கே" என்று பீவி தாளின் அடியைக் காட்டினாள். "யாரும் எடுத்துக்கலாம், மாத்தலாம்னு. யாரும்னா நானுமா?"

"நீங்களும்தான்க்கா. எல்லாரும்."

"அப்ப நான் மாத்துறேன். எழுது."

பிரேமலா ஷர்மினிக்கு அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் உற்சாகமாகிவிட்டாள். "தாராளமா மாத்தலாம்க்கா. அவங்க மலாயில சொல்லட்டும், நான் அப்படியே எழுதிக்கிறேன். நீங்க அதத் தமிழ்ல எழுதிக்குங்க. ஆனா மாத்துனது யாருன்னு பேரு போடணும். ஆன்ட்டி, உங்க பேரு போடவா, இல்ல ஆயிஷான்னே இருக்கட்டுமா?"

பீவி பிரேமலாவைப் பார்த்தாள். ஊர் சிரிக்கும் என்று பிரேமலா சொல்ல வந்தாள். சொல்லவில்லை. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"காதர் பீவி பிந்தி சுல்தான்" என்றாள் பீவி, அடையாள அட்டையில் இருக்கிறபடி, வாப்பா பேரையும் சேர்த்து. "ஆயிஷா கீயிஷா எல்லாம் வேணாம். என் மவளுக்கு ஆயிஷாவத் தெரியாது."

பிறகு அவள் மலாயில் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, கூட்டமாக இருக்கும் நாளில் கணக்காகச் சோறு அள்ளுகிற மாதிரி, சொல் சிந்தாமல் சொன்னாள். மறுமுனையில் ஷர்மினி எழுதிக்கொண்டாள். இந்தப் பக்கம் பிரேமலா கைப்பேசிக் குறிப்பில் தமிழில் எழுதினாள். மகள் வந்துவிட்டுப் போனாள் என்று சொன்னது பக்கத்து அடுப்புக்காரி. பை வாங்கி வந்தாள் என்று சொன்னதும் அவள்தான். அவள் பேர் பிரேமலா. அந்த வரி வந்தபோது அவள் விரல் ஒரு நொடி நின்றது. சற்று மெருகேற்றலாமா என்று பழைய புத்தி கேட்டது. ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதினாள். அவள் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான் என்று நான் சொல்வேன், அது அவளுடையது இல்லை என்றாலும்.

"நுஸ்ரத் வந்தாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை" என்று பீவி முடித்தாள். "வரவில்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வராதே என்று ஒரு தடவை சொன்ன வாய் அது."

"அவ்ளோதானா ஆன்ட்டி?" என்று ஷர்மினி கேட்டாள்.

"அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை எடுக்கப்போன பீவி திரும்பி வந்தாள். கைப்பேசிக்குப் பக்கத்தில் குனிந்து, இப்போது தமிழில் பேசினாள்.

"இன்னொண்ணு போடும்மா. நுஸ்ரத்து போனப்ப கடை பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால இருந்துச்சு. அங்க எல்லாத்தையும் இடிச்சுட்டான். இப்ப பேக்டரி பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு எதுக்க, நீலத் தகரம், மேல பேருகூட இல்ல. அதக் கொஞ்சம் தெளிவா எழுது. அங்க போயித் தேடிட்டு, கடை இல்லன்னு திரும்பிடப் போவுது."